மேகத்துக்கு ஜுரம் பார்க்கிறவள்

என் மருமகள் மேகத்துக்கு ஜுரம் பார்க்கிறவள். சிதம்பரத்தில் அதுதான் அவளுக்கு வேலை. பூமியிலிருந்து கிளம்பும் சூட்டைச் சாட்டிலைட்டு மேலேயிருந்து அளந்து அனுப்புகிறதாம். எங்கெங்கே மேகம் மூடியிருக்கிறது என்று அதை வைத்து இவள் கண்டுபிடிக்கிறாள். காடாம்புலியூரில் வேறு எந்த மாமியாருக்கும் இப்படி ஒரு மருமகள் கிடையாது.

காலையில் அந்தச் சாட்டிலைட்டுப் படத்தை என் போனுக்கு அனுப்பிவிடுவாள். எழுத்தென்றால் நான் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வெள்ளையாக இருந்தால் மழை என்று நானே முடிவு செய்துகொண்டு, களத்தில் காயும் முந்திரிக்கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடுவேன். ஒரு சொட்டு விழாது. மங்கலாகத்தானே இருக்கிறது என்று திறந்து விட்ட அன்று தூறல் போட்டு நனைத்துவிட்டது.

விடுமுறைக்கு வந்தவளிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். இது சூட்டைப் பிடித்த படம், குளிர்ச்சிதான் இதில் வெள்ளை. மெல்லிசு மேகம்கூட உயரத்தில் இருந்தால் குளிர்ந்து வெளுப்பாகத் தெரியும், தாழ்ந்த மேகம் சூடாக இருப்பதால் மங்கிப்போகும் என்றாள். அன்றிலிருந்து வெயில் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

"வெயில் படத்துல பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா மூடிடுங்க அத்தை. சூட்டுப் படத்துல மட்டும் வெள்ளைன்னா அது மெல்லிசு மேகம்தான்."

போன சித்திரையில் ஒரு நாள். மறுநாள் வியாபாரி வருவதாக இருந்தது. கொட்டைக்கு இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரம் இருந்தால் வேண்டாமென்று போய்விடுவான். வானமோ மேகம் பூசி வெளுத்துக் கிடந்தது. பக்கத்துக் களத்தில் என் நாத்தனார் அவசரமாக மூடிக்கொண்டிருந்தாள். மருமகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. படங்களைப் பார்த்தேன். சூட்டுப் படத்தில் எங்கள் பக்கம் முழுக்க வெள்ளை. வெயில் படத்தில் கொசுவலை போல லேசாக ஏதோ.

"என்னா அண்ணி, மூடலயா? ஊரே மூடுது."

"ஊருல யாரு மருமவ மேகம் பாக்குறா?"

"நனஞ்சா அவ வந்தா காய வெப்பா?"

மடித்த தார்ப்பாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்த்தேன். ஆனால் அந்த வெளுப்புக்குள்ளேயே வெயில் சுள்ளென்று இறங்கியது. பொழுது சாயும்போது ஒரு கொட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே பருப்பு கடகடவென்றது. நாத்தனார் காதருகிலும் குலுக்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவள், பிறகு சிரித்துவிட்டாள். அந்தப் படங்களைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகள் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்களே பாத்தா முடிவு பண்ணீங்க அத்தை?"

"வேற யாரு பாப்பாங்க?" என்றேன்.

அதை அவள் தன்கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்வதும், அவர்கள் கைதட்டிச் சிரிப்பதும் போனில் கேட்டது. வைக்க மனசே வரவில்லை.