மதினி திரும்பச் சொன்னது

மதினியின் போனில் ஒரு மூலை முழுக்க வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருக்கும். கீழே விழுந்து உடைந்த இடத்துக்கு, ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுவதுபோல அத்தனை சுத்தமாகச் சுற்றியிருப்பார். புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்டால், காயம் இன்னும் ஆறலை என்பார். அந்தப் போனைக் காதில் வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் பாவம். அவர் என்ன சொன்னாலும் மதினி முழுக்கக் கேட்டுவிட்டு, "திரும்பச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்று முதலிலிருந்து தொடங்குவார். மீன் கொண்டுவரும் பையன் வஞ்சிரம் இல்லை, பாறைதான் இருக்கிறது என்று சொன்னால், "வஞ்சிரம் இல்ல, பாறை இருக்கு. சரிதானே?" என்பார். பையன் சரி என்று சொல்லாமல் போனை வைக்கவே மாட்டார்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அல் ஐனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஓர் உதிரி பாகக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். அண்ணன் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் சொந்தப் படகு வைத்துத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தத் திரும்பச் சொல்லும் பழக்கம் மதினிக்கு வார்டில் வந்தது. டாக்டர் போனில் ஒரு மருந்தைச் சொன்னால் நர்ஸ் அதை எழுதிக்கொண்டு அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் மருந்து நோயாளியிடம் போகும். மற்ற நர்ஸுகள் டியூட்டி முடிந்ததும் அதையும் யூனிஃபார்மோடு கழற்றி வைத்துவிடுவார்கள். மதினியோ அதைக் கல்யாணப் பேச்சு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். நிச்சயம் முடிந்த புதிதில் அண்ணன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனில், "எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து, "உங்களுக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. சரிதானே?" என்று பதில் வந்ததாம். இந்தக் கதையை அண்ணன் வலை பின்னும் இடத்தில் சொல்லாத நாள் கிடையாது.

அப்படிப்பட்ட அண்ணனுக்குத்தான் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, வலது கையும் பேச்சும் போய்விட்டன. பயிற்சி கொடுத்தால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், ஆனால் இந்த முதல் மாதங்களை விட்டுவிடக் கூடாது, பக்கத்தில் ஆள் இருந்து பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள் அல் ஐனில் இருந்தார். மதினியின் காண்ட்ராக்ட் முடியும் நேரம் அது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போகலாம். "இதுல யோசிக்க என்ன இருக்கு, போறேன்" என்றார் மதினி. பாங்குக்குப் போய்க் கிரெடிட் கார்டை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்ட அன்றுதான் தலையில் இடி விழுந்தது.

படகுக்கு என்ஜின் மாற்ற மதினி அந்தக் கார்டில்தான் பணம் எடுத்திருந்தார். குறைந்தபட்சத் தொகை இவ்வளவு என்று போனில் செய்தி வரும், தவறாமல் கட்டிவிடுவார். ஸ்டேட்மென்ட்டை யார் திறந்து பார்த்தார்கள்? இப்போது திறந்து பார்த்தால், மாதாமாதம் ஒரே வரி: கிரெடிட் ஷீல்டு. கார்டு வைத்திருப்பவருக்கு வேலை போனாலோ உயிர் போனாலோ பாக்கியைக் காப்பீட்டுக்காரர்கள் கட்டுவார்கள் என்று சொல்லி விற்கிற சமாசாரம். அதற்காகப் பாக்கியில் ஒரு பங்கை மாதாமாதம் கார்டிலேயே எழுதிவிடுவார்கள், அதற்கும் வட்டி ஏறும். மதினி கட்டியதில் பெரும்பகுதியை அதுவே தின்றிருந்தது. அண்ணன் நோய்க்கு அதில் சல்லிக்காசு கிடையாது. வேலையை நாமே விட்டாலும் கிடையாது. பாக்கியை அடைக்காமல் கிளம்பினால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இங்கே எங்கள் எல்லோருக்கும் உண்டு. வேலையை விடும்போது மதினிக்கு வர வேண்டிய சர்வீஸ் பணம் முழுவதையும் போட்டாலும் அந்தத் தொகை அடையாது. காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இதை எப்போது வாங்கினார் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் மதினிக்கு ஒரு போன் நினைவு வந்தது. தமிழ் பேசிய ஒரு பையன். எங்கள் பலவீனமே அதுதான். ஆங்கிலத்தில் யாராவது கார்டு, லோன் என்று ஆரம்பித்தால் டியூட்டியில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவோம். "அக்கா, சாப்பிட்டீங்களா" என்று நம் ஊர்ப் பேச்சு கேட்டுவிட்டால் போச்சு, உட்காரச் சொல்லிக் காபி கொடுக்காத குறைதான். பாங்கில் கேட்டதற்கு, நீங்கள் சம்மதித்தது ரெக்கார்டில் இருக்கிறது என்று மூன்று தடவையும் அதே பதிலைச் சொன்னார்கள். நான் அதோடு அடங்கிவிட்டேன். மதினி அடங்கவில்லை. "ரெக்கார்டு இருக்குன்னா போட்டுக் காட்டச் சொல்லுங்க தம்பி. நான் என்ன சொன்னேன்னு நானும் கேக்கணும்லா" என்றார். விடாமல் எழுதிப் போட்டு, இந்த நாட்டு மத்திய வங்கிக்குப் புகார் கொடுப்பேன் என்றும் சொன்ன பிறகு ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

நான் லீவு போட்டுவிட்டு அல் ஐனுக்குப் போனேன். கிளை மேலாளர் ஒரு மலையாளி, நம் தமிழ் நன்றாகப் புரியும். தேநீர் கொடுத்தார். ஆனால் இதெல்லாம் வீண் வேலை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திடீரென்று அந்த அறையில் மதினியின் குரல் கேட்டது. பழைய குரல், அண்ணன் நன்றாக இருந்த காலத்துக் குரல். அதில் சிரிப்பு இருந்தது. பையன் திருச்செந்தூர்ப் பக்கம் என்கிறான். "அப்பிடியா, நம்ம பக்கம்லா! சாப்பிட்டியாய்யா?" என்கிறார் மதினி. தொலைந்தோம் என்று நினைத்தேன். இவ்வளவு பாசமாகப் பேசுகிறவர் சரி என்று சொல்லாமலா இருந்திருப்பார்? பையன் கிரெடிட் ஷீல்டைப் பற்றிக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "ஓகேதானக்கா?" என்றான். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் அது வந்தது. "இருங்க தம்பி. திரும்பச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க."

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஸ்பீக்கரில் மதினி, வார்டில் மருந்து வாசிக்கும் அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மூணு மாசம் ஃப்ரீ. அதுக்குப் பிறகு அதுவா நின்னுரும். நான் போன் பண்ண வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம். கார்டுல ஒரு திர்ஹம்கூட ஏறாது. எனக்கு வேண்டாம்னுதான் சொல்லுதேன், நீங்க ஃப்ரீன்னதால சும்மா இருக்கட்டுங்கேன். சரிதானே?" பையன் சிரித்துக்கொண்டே, "நூத்துக்கு நூறு சரிக்கா" என்றான். மதினி விடவில்லை. "உங்க பேரும் சொல்லிருங்க, எழுதிக்கிடுதேன்" என்றார். அவனும் சொன்னான்.

மேலாளர் நிறுத்தினார். மறுபடி போட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை போட்டபோது அவரே மதினியோடு சேர்ந்து மெல்ல வாயசைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சிஸ்டர், இந்தச் சார்ஜ் நிக்காது. நான் ஹெட் ஆபீஸுக்கு எழுதறேன். எல்லாம் திரும்ப வரும்" என்றார். நான் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கியா ஹுவா பாய்?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று எந்தப் பாஷையில் சொல்வது? எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். மதினி மட்டும் அசையவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், எல்லாம் திரும்ப வரும். சரிதானே?" என்று கேட்டார். மேலாளர் எழுந்து நின்று, "சரியாணு சிஸ்டர்" என்றார். வெளியே வந்து வேனில் ஏறிய பிறகுதான் மதினி அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பிக்கு வேல போயிருமோ?" என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

சொன்னபடியே வந்தது. ஷீல்டுக்காகக் கார்டில் எழுதியிருந்ததையெல்லாம் வட்டியோடு திருப்பி எழுதினார்கள்; மீதியைச் சர்வீஸ் பணத்தில் அடைத்துவிட்டு மதினி பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கினார். கையெழுத்துக்குக் காத்திருந்த காண்ட்ராக்ட் காத்துக்கொண்டே இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் சத்தம் என் காதில் விழும் தூரமில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதினி திரும்பி, பிளாஸ்திரி சுற்றிய போனை உயர்த்திக் காட்டியபோது எனக்குக் கேட்டதாகவே தோன்றியது.

இப்போது அந்தப் போன் ஊரில் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என்னோடு பேசுவார்கள். முதலில் வெறும் காற்றும் முனகலும்தான் கேட்கும். அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மதினி சொல்வார்: "அங்க கடல்ல காத்து எப்பிடின்னு தம்பிகிட்ட கேக்கீங்க. சரிதானே?" சரி என்பதுபோல முனகல் ஒன்று வரும். இல்லையென்றால் மறுபடி சொல்ல வைப்பார். கிண்டல் பண்ணியே நாங்கள் தீர்த்த அந்தப் பழக்கத்தில்தான் என் அண்ணன் வார்த்தை வார்த்தையாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு ஒரு கராஜ் வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு கரகரவென்று, கோணலாக, ஆனால் முழுசாக ஒரு சொல் வந்தது: "தம்பி."

மதினி திரும்பச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் அழுவது மட்டும் கேட்டது. அதனால் நானே சொன்னேன்.

"தம்பின்னு கூப்பிட்டீங்க. சரிதானேண்ணே?"

"சரி" என்றார் அண்ணன்.