போனில் முடிந்த இரண்டாம் வகுப்பு

பள்ளிக்கூடம் இனிமேல் போனில் நடக்கும் என்று சொன்னபோது எங்கள் வீட்டின் ஒரே போன் லாரியில் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் டிரைவர். புளியங்குடியில் எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு புளியறை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்குப் போவார். கொரோனாவுக்கு ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த நாட்களிலும் அந்த வண்டிக்குத் தடையில்லை. கமிஷன் கடையிலிருந்து லோடுக்குக் கூப்பிடுவதும் அந்தப் போனில்தான், செக்போஸ்டில் பாஸைக் காட்டுவதும் அந்தப் போனில்தான். "பிள்ளைக்குன்னு ஒரு போனு கூடவா இல்ல?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்களா வாங்கித் தரப் போகிறார்கள்?

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். அந்த வருஷமும் சாரல் நன்றாகத்தான் அடித்தது. அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளிக்கத்தான் யாரையும் விடவில்லை. லாட்ஜைப் பூட்டிவிட்டார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கடையம் பக்கம் களை பறிக்கப் போனேன்.

மகள் அப்போது முதல் வகுப்பு முடித்திருந்தாள். எழுத்து கொஞ்சம் தெரியும். கூட்டிப் படிக்க வரவில்லை. இரண்டாம் வகுப்பு முழுக்க வாட்சப் குரூப்பில்தான் ஓடியது. காலையில் டீச்சர் கூப்பிட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் டீச்சர்" என்று பேசி அனுப்ப வேண்டும். அப்புறம் பாட வீடியோ வரும். என் கணவர் வீட்டுக்கு வருகிற நாட்களில் மகள் வீடியோக்களை மொத்தமாகப் பார்ப்பாள். மலையடிவாரத்து சிக்னல், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி முடித்துப் படம் வரும் நேரம் பார்த்துக் கமிஷன் கடை அண்ணாச்சி கூப்பிடுவார். பாடம் அதோடு போச்சு. ஆனாலும் மகள் புத்தகத்தை விரித்து மடமடவென்று படித்துக் காட்டுவாள். எனக்கு மனசு குளிர்ந்துபோகும். ஏதோ படிக்கிறாளே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் சோப்பு நுரை. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள், வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கிறது: "உள்ளேன் டீச்சர்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். ராத்திரி லோடு இறக்கிவிட்டு வந்திருந்த என் கணவர் போனை மறைக்கப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லட்டி. எப்பவோ அவ குரலப் பிடிச்சு வச்சது. தெனமும் அதையே அனுப்புதேன்."

"தெனமுமா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? நான் காலையில செக்போஸ்ட்டுல நிக்கேன், பிள்ள இங்கன நிக்கி. வரலன்னு பேர எடுத்துட்டாவன்னா?"

நாசமாய்ப் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. பேரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்ததுதானே.

அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். கிணற்றை எட்டிப் பார்க்கும் ஆட்டுக்குட்டியின் கதை. நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு, அந்த வீடியோ டீச்சர் மாதிரியே படித்தாள். நான் படத்தின்மேல் கையை வைத்து மறைத்தேன். சட்டென்று நின்றுவிட்டாள்.

"படி."

"கைய எடும்மா."

"எழுத்து தெரியுதுல்லா? படி."

"கைய எடும்மா, எந்த ஆடுன்னு தெரியல."

ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கேட்டேன். முதல் வகுப்பில் தெரிந்த எழுத்துகூட இல்லை. ககரத்தைக் காட்டினால் என் முகத்தைப் பார்க்கிறாள். அட பாவி மக்கா, என் பிள்ளையை யார் வந்து துடைத்துவிட்டுப் போனது? அன்றிலிருந்து களை பறித்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். நாலு எழுத்து சொன்னால் மறுநாள் இரண்டு இருக்காது. நான் கத்துவேன். அவள் அழுவாள். அப்புறம் நானும் அழுவேன்.

ஒருவழியாகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. முதல் வாரத்திலேயே வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நின்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இழுத்துக்கொண்டு போனேன். நேரே தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர், என் பிள்ளைய ஃபெயிலாக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்லுத?"

"கையெடுத்துக் கும்பிடுதேன். ஒண்ணாப்புல போடுங்க. அவளுக்கு ஒண்ணுமே தெரியல."

"ஃபெயில்னு ஒண்ணு கெடையாதும்மா. எல்லாரும் பாஸு. கம்ப்யூட்டர்ல மூணாப்புன்னு ஏறியாச்சு, எறக்க முடியாது. பாதிப் பிள்ளைக இப்படித்தான் வந்திருக்கு. மெதுவா வந்துரும்."

நானே பத்தாம் வகுப்பில் பெயிலானவள். அன்றைக்கு என் அம்மா ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தாள். நான் என் மகளைப் பெயிலாக்கக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன், அதுவும் நடக்காதாம். எல்லாரும் பாஸ் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டால் ஒரு தாய் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். மூன்றாம் வகுப்பில் இல்லை. கழிவறைப் பக்கம் இல்லை. தெருவுக்கு ஓடிவிட்டாளோ என்று பதறிப்போய் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தேன்.

முதல் வகுப்பில், குட்டிக் குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவே, பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர்களை விட ஒரு தலை உயரம். அதை மறைக்கக் கூனிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உன் வகுப்பு அங்கன இருக்கு. எந்திரிச்சு வா" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"நீ போம்மா. இங்கன யாருக்குமே படிக்கத் தெரியாது."