தழும்போடு வரைந்த முகம்

எனக்கு நான்கு வயதானபோது அப்பா ரங்கூனுக்குப் போனார். அங்கே ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா வேலை. நானும் அம்மாவும் பூந்தமல்லியில் இருந்தோம். எனக்குப் பதினைந்து நடக்கும்போது அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் மனதில் மகளின் முகம் நான்கு வயதோடு நின்றுவிட்டது என்றும், ஒரு படம் அனுப்பும்படியும் எழுதியிருந்தார்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அம்மாவின் நம்பிக்கை. நானே வரைகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் பூவும் கூஜாவும் வரைந்த கை. முகம் வரைந்ததில்லை.

ஜன்னல் கம்பியில் கண்ணாடியைக் கட்டிவைத்து இரண்டு நாள் உட்கார்ந்தேன். அதுவரை கண்ணாடியில் பொட்டையும் வகிட்டையும்தான் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில் அம்மை வார்த்ததில் கன்னமெல்லாம் குழிகுழியாகத் தழும்பு. முதல் படத்தில் அவற்றை விட்டுவிட்டேன். அழகாக வந்திருந்தது. பார்க்கப் பார்க்க அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. அப்பா கப்பலிலிருந்து இறங்கினால் அவளைத்தானே தேடுவார்? என்னைத் தாண்டிப் போய்விடுவார். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அம்மா பதறிப்போனாள்.

"இன்னாடி, தழும்பெல்லாம் போட்டுக்கினு கீறே? உனக்கு அம்மை வந்ததே அவருக்குத் தெரியாது. நான் எழுதவே இல்ல."

"இப்ப தெரியட்டும்மா."

கடைசியில் அம்மாவே உறையை ஒட்டிக் கொடுத்தாள்.

பதில் வரவில்லை. யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்றார்கள். தபால் நின்றது.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், பாரிவாக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீதானேம்மா அது? உங்க நைனா பொட்டிமேல உன் படத்தை ஒட்டி வச்சிகினு இருந்தாரு."

ஆலையில் இருவரும் ஒரே அறையில் தங்கியவர்களாம். ஒன்றாகத்தான் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

"படத்தைப் பாத்து இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. விரலால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே இருந்தாரு."

அப்பா வரவே இல்லை. சில வருஷம் கழித்து அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து, "அவர் மூஞ்சிய வரைஞ்சு குடேன், கண்ணு" என்றாள். எனக்கு நினைவிருந்தது, அவர் தோள்மேல் உட்கார்ந்தபோது கீழே தெரிந்த சுருட்டைமுடி மட்டும்தான். அதையே வரைந்து கொடுத்தேன். அம்மா அதை வாங்கி, விரலால் தொட்டுப் பார்த்தாள்.