அடுத்த தவணைக்கு வா

பெரியண்ணனின் செத்தவீட்டுக்கு மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஏழைகளுக்காக வாதாடியவர், பழைய வன்மம் எதையும் மனத்தில் வைத்திருக்காதவர் என்று ஒருவர் மாறி ஒருவர் பேசினார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது பொய். அண்ணனுக்கு வன்மம் இருந்தது. எனக்கும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

நாங்கள் மூன்று பேர். பெரியண்ணன் படிப்பை விட்டு இயக்கத்துக்குப் போனவர். கதிரவெளிப் பக்கம் நடந்த சண்டையில் ஷெல் துண்டு பட்டு ஒரு காது கேட்காமல் போனது. இடக்கையும் மடங்காமல் போனது. சின்னண்ணன் வாவியில் தோணி விட்டு மீன் பிடித்தவர். துவக்கைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

பெரியண்ணன் காயத்தோடு ஒளிந்திருந்த நாட்களில், நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையைப் படையினர் சுற்றிவளைத்தார்கள். ஆண்களைப் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்திவிட்டு, இடுப்புவரை சாக்கால் மூடிய ஒருவனை அவர்கள் முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் தலையாட்டினால் ஆள் லொறியில் ஏற வேண்டும். சின்னண்ணனுக்கு முன்னால் அவன் தலையாட்டினான். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மாவோடு நின்ற எனக்கு அவனுடைய கால்கள் தெரிந்தன. இடக்காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. எங்கள் வீட்டில் சோறு தின்று, சின்னண்ணனோடு ஒரே தோணியில் போய் வந்தவனின் கால்கள் அவை.

சின்னண்ணன் திரும்பி வரவில்லை. தன்னைத் தேடி வந்தவர்கள்தான் தம்பியைக் கொண்டு போனார்கள் என்பது பெரியண்ணனுக்குத் தெரியும்.

பொதுமன்னிப்பில் அவர் வெளியே வந்ததும் அந்தக் காலைப் பற்றிச் சொன்னேன். அவனைக் கொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கொழும்புக்குப் போய்ச் சட்டம் படித்தார். கறுப்புக் கோட்டோடு திரும்பியவரிடம் மறுபடி கேட்டேன்.

“காலை வைச்சு வழக்குப் போட ஏலாது, தங்கச்சி. பொறு.”

பொறுத்தோம். அவன் கலியாணம் கட்டி, நாலு பேர் மதிக்கிற ஆளாகி, வாவிக் கரையில் வளவு வாங்கினான். பிறகு ஒருநாள், மீனவர்கள் தோணிக்குப் போய்வருகிற பாதையை மறித்து வேலி அடைத்தான். அவர்கள் அண்ணனிடம் வந்தார்கள். எதிராளி யார் என்று தெரிந்தபோது அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இடைக்கால உத்தரவு எடுத்து வேலியைப் பிடுங்க வைத்தார். மீனவர்களுக்குப் பாதை கிடைத்துவிட்டது. மிச்ச வழக்கை அவர் தனக்காக நடத்தினார். நில அளவையாளரைக் கேட்டார், பழைய காணி உறுதிகளைக் கேட்டார், சாட்சிக்கு மேல் சாட்சி கேட்டார். தவணைகள் வருடக்கணக்காக நீண்டன. ஒவ்வொரு தவணையிலும் நீதிமன்றத்தில் அவன் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். அவன் எழும்பி நிற்பான். சாட்சிக்கூண்டில் ஏற்றி, சுற்றிவளைப்புக் காலத்தில் யாரோடு திரிந்தாய் என்று அண்ணன் கேட்டார். நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. ஆனால் இருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“முகத்தை மூடிக்கொண்டு வந்தவன். இனி முகத்தோட நிக்கட்டும்,” என்றார் அண்ணன்.

நான் ஒரு தவணையும் தவறவிடவில்லை. நல்ல சேலை உடுத்துப் போய் முன்வரிசை வாங்கில் இருந்து அவனையே பார்ப்பேன். அவனுக்குத் தலை நரைத்தது, சீனி வருத்தம் வந்தது. ஊர்க்கதை பரவி மகளின் கலியாணப் பேச்சும் குழம்பியது. அதைக் கேள்விப்பட்ட அன்று பாயாசம் காய்ச்சினேன்.

ஒருநாள் பின்னேரம் அவன் எங்கள் வீட்டுக்கே வந்தான். வளவில் பாதியை எழுதித் தருகிறேன், வழக்கை முடித்துவிடுங்கள் என்றான்.

அண்ணன் கேட்கும் காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, “வளவு வேணாம். தம்பியை எங்க கொண்டு போனாங்கள்? அதைச் சொல்லு,” என்றார்.

அவன் நிலத்தைப் பார்த்தபடி, “அடி தாங்க ஏலாமல் தலையாட்டினன், அண்ணன். மறுகா எங்க கொண்டு போனாங்களெண்டு எனக்குத் தெரியா,” என்றான்.

அண்ணன் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். “அடுத்த தவணைக்கு வா.”

அந்தத் தவணை வருவதற்குள் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. அவர் செத்த பிறகு மீனவர்கள் சமாதானமாகப் போய்விட்டார்கள். வழக்கை முடிக்க வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுப் போயிருந்தேன். “பாதை கிடைச்சிட்டு கா, இனி என்னத்துக்கு வழக்கு?” என்றாள் அவர்களில் மூத்தவள். அவள் கேட்டது நியாயம்தான். அவன் கோவில் திருவிழாவுக்கு வெள்ளை வேட்டியோடு வந்து நின்றதாகச் சொன்னார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவன் தன் வாயால் ஒத்துக்கொண்டதை நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அதைச் சத்தியக்கடதாசியில் எழுதி, அண்ணனிடம் தொழில் பழகிய பெண் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். சின்னண்ணனைத் தேடி நீதிமன்றத்தில் போட்ட மனுவில் இப்போது அவன் பெயர் இருக்கிறது. இது நிற்குமோ தெரியாது என்று அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னாள். போடு என்றேன்.

அழைப்பாணை போன மறுநாள் அவன் மனைவி வந்தாள். அவருக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்தாயிற்று, பார்வையும் குறைந்துவிட்டது, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். விட முடியாது என்று சொல்லி, படலைவரை கூட்டிப்போய் அனுப்பிவைத்தேன்.