ஏனோக் அச்சிட்ட ஏழு கதைகள்

மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்க ஸ்டோரில் ஏனோக்குக்கு குமாஸ்தா வேலை. ஷிப்டுக்கு இறங்கும் ஆட்களுக்கு ஜன்னல் வழியே மெழுகுவத்தி எடுத்துக் கொடுப்பார். மனைவி ஐடா பிளேக் நோயில் போனபின் அவரோடு பேச வீட்டில் ஆளில்லை. ஜன்னலில் பார்த்த முகங்களை வைத்துக் கதை எழுத ஆரம்பித்தார். 1904இல் அவற்றில் ஏழு கதைகளை வேலூரில் ஓர் அச்சுக்கூடத்தில் கொடுத்துத் தம் செலவிலேயே புத்தகமாக்கினார். இருநூறு பிரதிகள்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். கோயில் உபதேசியார் சாம்ராஜ், "கதைன்னா பொய்தானே, ஏனோக்கு? ஜெபப் புஸ்தகம் போட்டிருக்கலாம்" என்றார். கூட வேலை பார்த்த சௌந்தரராஜன் பதினான்கு எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்கள் வாங்கி வைத்ததோடு சரி.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மங்கம்மா வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் பாறை சரிந்து புருஷனைப் பறிகொடுத்தவள். வாசலிலேயே நின்றாள்.

"எங்க லயன் வூடுங்கள்ல ஒருத்தர் உங்க புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டுனாருங்க. மெழுகுவத்திய மோந்து பாத்துட்டு வாங்குற ஆளு ஒருத்தர் வர்றாரே, அது எங்க வூட்டுக்காரருதானே?"

ஏனோக் தலையசைத்தார். பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தார்.

"சாவும்போது பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்ட்டாருன்னு எழுதிக்கீறீங்க. யாரு கேட்டது?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

"யாரும் கேக்கலம்மா. நானா எழுதினது."

மங்கம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"பன்னெண்டு வருசத்துல ஒருதபா கூட என் பேரச் சொன்னதில்லிங்க. 'ஏ புள்ள'ன்னுதான் கூப்புடுவாரு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"கதையில அவ பேரு இன்னா?"

"செல்லி."

"அத அடிச்சிட்டு மங்கம்மான்னு எழுதிக் குடுங்க."

ஒரு பிரதியை எடுத்து, பேனாவால் அடித்து எழுதினார். தன் பெயர் எது என்று கேட்டு, அவள் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். மை விரலில் ஒட்டியது. புறப்படும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "தனியாவா இருக்கீங்க? எழுதுறத யாருக்குப் படிச்சுக் காட்டுவீங்க?" என்றாள்.

ஏனோக்குக்கு அவளை இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லலாமென்று தோன்றியது. சொல்வதற்குள் அவள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகும் அவர் எழுதினார், அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, எழுதியதை வாய்விட்டு வாசிப்பார். அவர் ஜெபம் பண்ணுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.