குஸ்டல் சொன்ன நேரம்

என் கணவர் குஸ்டல் முப்பத்தோரு வருடம் சுற்றுலா பஸ் ஓட்டினார். கோடைக்காலத்தில் வாரம் இரண்டு தடவையாவது, எங்கள் பக்கத்துப் பழைய காலத்து ராஜா ஒருவர் மலைகளில் கட்டிவைத்த அரண்மனைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் ஒரு அரண்மனைக்குள்ளும் காலடி வைத்ததில்லை. டிரைவர் பஸ்ஸோடு இருக்க வேண்டும். கண்ணாடி துடைக்க வேண்டும், உள்ளே பெருக்க வேண்டும், மற்ற டிரைவர்களோடு காப்பி குடித்துக்கொண்டு பயணிகளைக் கிண்டலடிக்க வேண்டும். லிண்டர்ஹோஃப் அரண்மனை எப்படி இருக்கும் என்று கேட்டால், "கக்கூஸ் சுத்தமா இருக்கும்" என்பார். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு மணி நேரத் தொலைவில், வைல்ஹைம் பக்கம் பிறந்து வளர்ந்து, அறுபத்துமூன்று வயதுவரை எட்டிப் பார்த்ததில்லை. அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு என்று இருந்துவிட்டேன். அவருடைய பஸ்ஸிலும் ஒருநாள்கூட ஏறியதில்லை. எனக்குப் பேக்கரியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

போன வருடம் மே மாதம், நாற்பத்தாறு பேரோடு திரும்பி வரும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. பஸ்ஸை ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டு, இரண்டு கதவையும் திறந்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வேறொரு பஸ் வந்து எல்லோரையும் ஊர் கொண்டு சேர்த்தது. டாக்டர் புகழ்ந்தார், முதலாளி புகழ்ந்தார், பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். குஸ்டல் காதில் எதுவும் ஏறவில்லை.

"கூட்டிட்டுப் போனவன் கொண்டுவந்து விடணும், ரோசி. நான் நடுரோட்டுல விட்டுட்டேன்" என்பார்.

பதினான்கு மாதம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெருவில் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் உயிரோடு இருப்பதற்காக நான் தினமும் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அவரோ உயிரோடு இருப்பதற்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர் மாதிரி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதரை மறுபடி ஒரு பஸ்ஸில் ஏற்றி இறக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"வியாழக்கிழமை ரெண்டு சீட்டு போட்டிருக்கேன். ஒரே நாள்ல ரெண்டு அரண்மனை" என்றேன்.

"நான் வரல."

"சரி, பக்கத்து வீட்டு எர்வினைக் கூட்டிட்டுப் போறேன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. நல்லா பேசுவான், பாவம்."

"எர்வினா? ரெண்டு வளைவு தாண்டினா அவனுக்கு வாந்தி வருமே!"

"வந்தா நான் துடைச்சு விடுறேன். உனக்கென்ன?"

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான்தான் தாமதமாம்.

பஸ் ஓட்டியது செனாடா என்கிற பெண். நாற்பது வயதிருக்கும், வேறு கம்பெனி. நாங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் குஸ்டலின் வலது கால் தரையை மிதித்தது. எதிரில் பஸ் வந்தால் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் கை தூக்குவார்கள். இவரும் தூக்கினார். அந்தப் பக்கத்து டிரைவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் ஒரு பஸ்ஸையும் விடவில்லை.

லிண்டர்ஹோஃபில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கினார். பரவாயில்லையே, அரண்மனை பார்க்க இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். இறங்கியவர் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டு, இறங்குகிற ஒவ்வொரு அம்மாவுக்கும் கை கொடுக்க ஆரம்பித்தார். "படி பாத்து... மெதுவா... அவசரமில்ல." செனாடா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

"வாய்யா, உள்ள போகலாம்" என்று கூப்பிட்டேன்.

"நீ போயிட்டு வா. பின் டயர்ல ஏதோ சத்தம் வந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்."

முப்பது யூரோ கொடுத்துக் கூட்டிவந்தது டயர் பார்க்கவா! கோபத்தில் நான் தனியாகவே போனேன். தங்கம் தங்கமாகப் பூசிவைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசை கீழே சமையலறையிலிருந்து அப்படியே மேலே ஏறி வருமாம். பரிமாறுகிறவர்கள் முகத்தைக்கூட ராஜா பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஜன்னலோரம் நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் எனக்குத் தங்கத்தில் மனம் ஒட்டவில்லை. தோட்டத்தில் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பன்னிரண்டே காலுக்குப் பஸ் புறப்பட வேண்டும். செனாடா மைக்கில், "யாரெல்லாம் இன்னும் வரல? வராதவங்க கை தூக்குங்க!" என்றாள். எல்லா டிரைவரும் சொல்கிற அதே பழைய ஜோக். எல்லோரும் சிரித்தோம். எண்ணிப் பார்த்தால் நிஜமாகவே இரண்டு பேரைக் காணோம். ப்ருக்மோசர் தம்பதி, இருவரும் எண்பதை நெருங்குகிறவர்கள்.

நியாயமாகப் பார்த்தால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த அரண்மனையான நொய்ஷ்வான்ஸ்டைனில் நுழைவுச் சீட்டிலேயே உள்ளே போக வேண்டிய நிமிடம் அச்சடித்திருக்கும். எங்கள் சீட்டில் இரண்டு இருபது. இரண்டு இருபத்தைந்துக்குப் போய் நின்றால் கதவு திறக்காது. போகவே ஒரு மணி நேரம், அப்புறம் மலை ஏற்றம். அரை மணி தாமதித்தால் பஸ்ஸில் ஒருவரும் உள்ளே போக முடியாது.

பக்கத்தில் திரும்பினேன். குஸ்டலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. ரோசி, அந்தப் பெரியவர் இறங்கும்போது என்கிட்ட எப்ப கிளம்புறோம்னு கேட்டாரு. நான் பன்னண்டே முக்கால்னு சொல்லிட்டேன்."

பன்னிரண்டே முக்கால் அவருடைய பழைய கம்பெனியின் நேரம். முப்பத்தோரு வருடம் சொன்ன நேரம், கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மறுபடியும் ரெண்டு பேரை விட்டுட்டேன்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஜன்னலோரத்துக் குரல். இன்றைக்கு இவர் இப்படியே வீடு திரும்பினால் அந்த நாற்காலியை விட்டு இனி எழுந்திருக்கவே மாட்டார். எர்வினையே கூட்டி வந்திருக்கலாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆனால் அவர் எழுந்தார். செனாடாவிடம் போய் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"மன்னிக்கணும். என் பேரு குஸ்டல் ஹாஸ்லாஹர். ரெண்டு பேர் வராததுக்கு நான்தான் காரணம், அவங்க மேல தப்பு இல்ல. பழக்க தோஷத்துல தப்பான நேரம் சொல்லிட்டேன். இருபது நிமிஷம் குடுங்க, கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள வரலேன்னா, நீங்க கிளம்புங்க. நான் அவங்களோட இருக்கேன்."

இதுதான் அவர் பஸ்ஸில் பேசுகிற குரலா? நான் கேட்டதே இல்லை. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கவே முணுமுணுக்கிற மனிதர். பின் வரிசையிலிருந்து ஒருவர், "போயிட்டு வாங்கய்யா, அரண்மனை எங்கயும் ஓடிடாது" என்றார்.

நானும் பின்னாலேயே கீழே இறங்கி, "எங்கன்னு தேடுவ?" என்றேன்.

"அரை மணிக்கு ஒரு தடவை பெரிய நீரூற்று அடிப்பாங்க. பன்னண்டே முக்கால் வரைக்கும் நேரம் இருக்குன்னு நினைக்கிறவங்க பன்னண்டரை நீரூற்றுக்குக் காத்திருப்பாங்க. வேற எங்கயும் இருக்க மாட்டாங்க."

"அது எங்க இருக்கு?"

திருதிருவென்று விழித்தார். "எனக்கென்னடி தெரியும்? நான் பார்க்கிங்கைத் தாண்டினதே இல்லையே."

எனக்குத் தெரியும். இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தேன். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். ஓட முயன்றபோதெல்லாம் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

குளத்துக்கு எதிரே பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கின காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள் திருமதி ப்ருக்மோசர். பெரியவர் பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"முக்கால்னு நீங்கதானே சொன்னீங்க, டிரைவர்?" என்றார் பெரியவர்.

"சொன்னேன். ஆனா நான் டிரைவர் இல்ல."

"இல்லையா? பின்ன எதுக்கு என் வீட்டம்மாவுக்குக் கை குடுத்து இறக்கி விட்டீங்க?"

குஸ்டல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான், "அவருக்கு அதுதான் தெரியும்" என்றேன். அந்தம்மா உடனே கையை நீட்டினாள். "அப்போ இன்னொரு தடவை குடுங்க. இந்தக் காலோட எந்திரிக்கிறது பெரிய பாடு."

நாங்கள் திரும்பும்போது பின்னால் தண்ணீர் சீறிக்கொண்டு மேலே ஏறியது, அரண்மனைக் கூரைக்கும் மேலே. குஸ்டல் நின்று பார்த்தார். "அட, முப்பத்தோரு வருஷமா பின்சீட்டுல இதைப் பத்தித்தான் பேசிட்டு வந்தாங்களா?" என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் கைதட்டினார்கள். செனாடா விரட்டி ஓட்டவில்லை. ஆனால் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. குஸ்டலே தலையாட்டிப் பாராட்டினார். நாங்களும் ப்ருக்மோசர் தம்பதியும் குதிரை வண்டியில் மலையேறி, ஆறு நிமிடம் மிச்சம் வைத்து வாசலில் நின்றோம். இந்தத் தடவை அவரும் என்னோடு உள்ளே வந்தார். இத்தனை செலவழித்துக் கட்டிய வீட்டில் ராஜா சொற்ப நாள்தான் இருந்தாராம். "ஐயோ பாவம், கூட ஒரு ஆள் இல்லாம எப்படி இருந்தாரோ" என்றார் குஸ்டல். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுற்றிக் காட்டியவர் வேறென்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.

மாலை ஏழரைக்கு ஊர் வந்து சேர்ந்தோம். "நான் கதவுகிட்ட நிக்கட்டுமா?" என்று செனாடாவிடம் கேட்டார். "நில்லுங்க, தாராளமா" என்றாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். குஸ்டல் ஒவ்வொருவரையும் பார்த்து, வாய்க்குள் எண்ணினார். ப்ருக்மோசர் தம்பதியை அவர்கள் மகன் காரில் ஏற்றிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு உள்ளே ஏறி, கடைசி வரிசைவரை நடந்து, ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துவிட்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, ரோசி."

"இல்ல. ஒரு ஆள் பாக்கி" என்றேன். "பதினாலு மாசமா அவனுக்காகக் காத்திட்டிருக்கேன். இறங்கு, வீட்டுக்குப் போகலாம்."