விட்டுப்போன மூன்றாவது பெயர்

எங்கள் சபையில் வேதாகமம் முழுவதையும் கையால் எழுதி ஒரே புத்தகமாகக் கட்டுவது என்று முடிவானது. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பகுதி என்று சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குத் துதிப்பாடல்கள் நிறைந்த சங்கீதப் பகுதி விழுந்தது. அங்கேயே கண்ணை மூடி நன்றி சொன்னாள். எனக்கு விழுந்தது, பழைய ஏற்பாட்டில் வெறும் பெயர்களாகவே வரும் மூன்று அதிகாரங்கள். இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இவர் மகன், அவ்வளவுதான். சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று போதகரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். முடியாது என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில் எனக்கு நல்ல வசனங்களே உள்ளே இறங்கவில்லை. பள்ளிக்குப் போக ரெட்டியார்சத்திரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்கு முன் தினமும் ஓர் அதிகாரம் வாசிப்பேன். மூடி வைத்ததும் என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது. அர்த்தம் புரியாமல் சூத்திரத்தை ஒப்பிக்கும் பிள்ளைகளைத் திட்டுகிற கணக்கு டீச்சர் நான். வீட்டில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, இந்த வாரம் இந்த வசனம் என்னோடு பேசியது என்பாள். அடுத்தவளும் அதையே சொல்வாள். எனக்குப் பொறாமையாக இருக்கும், சில நேரம் சந்தேகமாகவும் இருக்கும். இத்தனை பேரோடு பேசுகிறவர் என்னோடு மட்டும் ஏன் பேசவில்லை? கோளாறு என்னிடமா, இல்லை இவர்கள் சும்மா சொல்கிறார்களா? இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இந்த எழுத்து வேலை முடிந்ததும் வாசிப்பதை நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எழுதுவதற்குச் சட்டதிட்டம் உண்டு. கறுப்பு மை மட்டும். அடித்தல் கூடாது, இடையில் செருகுதல் கூடாது. பள்ளிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். எதிரே அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தப் பெயர்கள் மேல் ஒரு பிரியம், ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்களை விசாரிப்பதுபோலக் கேட்பாள்.

"நேத்து ஒருத்தரு வந்தாரே, அவருக்கு எத்தன பிள்ளைக?"

"நாலும்மா."

"நாலும் நல்லா இருந்துச்சா?"

"அதெல்லாம் போடலம்மா. பேரு மட்டுந்தான் இருக்கு."

எழுதிய தாள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு. நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சில் கோடு.

"டீச்சர், இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு. தாளையே திருப்பி எழுதணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவரு யாருன்னு யாருக்குக்கா தெரியப்போகுது? ஒருத்தரு இல்லைன்னா என்ன?"

"எனக்குந்தான் தெரியாது. ஆனா அதுல இருக்காருல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் தாளை எடுத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்து, முணுமுணுத்துக்கொண்டே புதுத் தாளை எடுத்தேன். ஒரு தகப்பனுக்கு நான்கு மகன்கள். நான் விட்டது மூன்றாமவனை. அந்த இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

நாங்களும் நான்கு பேர். அண்ணன், நான், தம்பி, தங்கை. மாலை குடும்ப ஜெபத்தில் அப்பா எங்கள் பெயர்களைப் பிறந்த வரிசையில் சொல்லி ஜெபிப்பார். தம்பி, தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட நாளில், அப்பா என் பெயரைச் சொல்லிவிட்டு நேராகத் தங்கை பெயருக்குப் போய்விட்டார். ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள், ஜெபிப்பது என் பொறுப்பானது. நானும் அதே வரிசையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி மேல் எனக்குக் கோபமே கிடையாது. இதே ஊரில்தான் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "நல்லா இருக்கியாக்கா?" என்பான். "ம், வாரேன்" என்று சொல்லி பஸ் ஏறிவிடுவேன். கோபம் இருந்திருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். அப்பா விட்டதை நானும் விட்டேன், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

இதைத்தான் வசனம் பேசுவது என்கிறார்களா? எனக்குக் குழப்பமாக இருந்தது. அதில் வசனம் என்று ஒன்றுமே இல்லை, வாயில் நுழையாத ஒரு பெயர்தான் இருந்தது. நான்கில் மூன்றாவது என்பது தற்செயல், கணக்கு டீச்சருக்கு அதுகூடத் தெரியாதா? என் மனசாட்சியே பேசியிருக்கலாம். மற்றவர்கள் சொல்கிற சமாதானம் எதுவும் எனக்கு வரவில்லை. பேசியது யார் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாளை முழுதும் எழுதி முடித்தேன்.

அன்று ஏழு மணிக்கு ஜெபம். அம்மா, நான், என் வீட்டுக்காரர். அண்ணன் பெயரைச் சொன்னேன், என்னைச் சொன்னேன். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னேன். தங்கை பெயரையும் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்காரர் ஆமென் என்றார். அம்மா சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் இன்னும் கண்ணை மூடியபடியே இருந்தாள். அப்பா எடுத்த முடிவை நான் மீறியதில் அவளுக்கு வருத்தமோ என்று நினைத்தேன்.

"அவன் பொண்டாட்டி பேரு விட்டுப்போச்சு" என்றாள் அம்மா. "பிள்ளைக ரெண்டு பேரோட பேரும் விட்டுப்போச்சு."

"பிள்ளைக பேரு எனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, கண்ணைத் திறக்காமலே அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.